எப்ரு: துலிப் பூவுக்கு முன்னாடி வர்ற ரெண்டு வருஷம்

இன்னைக்கு எபிசோட் எப்ரு பத்தி. பேர் புதுசா இருக்கலாம், ஆனா வீடியோ கண்டிப்பா பார்த்திருப்பீங்க. ஒரு செவ்வகத் தட்டுல தண்ணி. அது மேல நீலச் சொட்டு விழுது, சிவப்புச் சொட்டு விழுது. ஒருத்தர் ஊசியை வெச்சு ரெண்டு இழுப்பு இழுக்கிறார், துலிப் பூ வந்துடுது. மேல ஒரு பேப்பரை வெச்சு எடுத்தா, பூ அப்படியே பேப்பருக்கு ஏறிடும். ரீல்ஸ்ல மொத்தமே 40 செகண்ட்.

2014-ல யுனெஸ்கோ துருக்கியோட எப்ருவைத் தன்னோட பண்பாட்டு மரபுப் பட்டியல்ல சேர்த்தாங்க. அந்தப் பதிவுல ஒரு விஷயம் சொல்லியிருக்காங்க: இதோட அடிப்படைத் திறமை கைக்கு வரவே குறைஞ்சது 2 வருஷம் ஆகும். 40 செகண்ட் வேலைக்கு எதுக்கு 2 வருஷம்? இதைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

முதல்ல, அந்தத் தட்டுல இருக்கறது வெறும் தண்ணி இல்ல. அனடோலியா மலைப்பக்கம் வளர்ற ஒரு முள்செடியோட பிசின், பேர் கித்ரே. அதைத் தண்ணியில ஊறப்போட்டு, கரைச்சு, துணியில வடிகட்டணும். பதம் கொஞ்சம் தண்ணியா இருக்கிற கஞ்சி மாதிரி வரணும். ரொம்பக் கெட்டியா போனா கலர் பரவாது, ஊசி இழுக்கிற கோடு பிசிறடிக்கும். ரொம்ப நீர்த்துப் போனா போட்ட டிசைன் நிக்காம ஓடிடும். இப்போ நிறைய பேர் கடல்பாசியில இருந்து வர்ற கேரஜீனன் பவுடரைப் பயன்படுத்தறாங்க. அது சீக்கிரம் ரெடியாகும்.

அடுத்தது கலர். தண்ணியில கரையாத நிறமிகளாத்தான் இருக்கணும். செம்மண், காவி மாதிரி மண் நிறங்கள், விளக்குக் கரி, அவுரி நீலம். இந்த நீலத்துக்கு அவங்க வெச்சிருக்கிற பேரே 'லாகூர் நீலம்'தான். நம்ம துணைக்கண்டத்துல இருந்து போன சரக்கு! பழைய மஞ்சள் நிறம் அரிதாரம், அது விஷம். இதையெல்லாம் பளிங்குக் கல் மேல தண்ணி விட்டு, கையில ஒரு கல்லை வெச்சு அரைக்கணும். நம்ம அம்மி குழவிதான், ஆனா வட்ட வட்டமா சுத்தி அரைப்பாங்க. பழைய முறையில சேர்ற சீடனுக்கு ஆரம்பத்துல கிடைக்கிறது இந்த அரைக்கிற வேலைதான்.

இப்போ மெயின் மேட்டருக்கு வர்றேன். இந்தக் கலர் தண்ணி மேல ஏன் மிதக்குது? அரைச்ச கலரை அப்படியே விட்டா நேரா அடிக்குப் போயிடும். அதனால அதுல மாட்டுப் பித்தநீர் சில சொட்டு சேர்ப்பாங்க. (சைவக்காரங்க முகம் சுளிக்காதீங்க, இப்போ செயற்கையா செஞ்சதும் கிடைக்குது.) சோப்பு செய்ற வேலையைத்தான் அது செய்யுது. பரப்பு இழுவிசையைக் குறைச்சு, சொட்டை மேல்மட்டத்துலயே விரிய வைக்குது.

தண்ணி மேல முதல்ல நீலம் போட்டா அது தாராளமா விரியும். ரெண்டாவதா சிவப்பு போட்டா, ஏற்கெனவே அங்க உட்கார்ந்திருக்கிற நீலத்தைத் தள்ளிட்டுத்தான் அது இடம் பிடிக்கணும். அதனால சிவப்புக்குப் பித்தநீர் கொஞ்சம் கூட வேணும். மூணாவதுக்கு இன்னும் கூட. அளவு தாண்டினா அந்தக் கலர் எல்லாத்தையும் ஓரத்துக்குத் துரத்திடும். எத்தனை சொட்டுன்னு புத்தகத்துல எழுத முடியாது. ஒவ்வொரு நிறமிக்கும் வேற, இன்னைக்கு அறைச் சூட்டுக்கு வேற, காலையில கலக்கின கித்ரே சாயங்காலம் வேற. ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, அது எவ்வளவு விரியுதுன்னு கண்ணால அளந்து, திருத்தி, மறுபடி விட்டுப் பார்க்கறது. 2 வருஷம் போற இடம் இதுதான்.

அதனாலதான் கத்துக்க வர்றவங்களுக்கு முதல்ல கொடுக்கிறது பத்தால். ரோஜாக் குச்சியில குதிரை முடி கட்டின தூரிகையை விரல்ல தட்டித் தட்டி, தட்டு முழுக்கக் கலரைத் தெளிக்கணும். அவ்வளவுதான். ஊசி கிடையாது, பூ கிடையாது. பார்க்க போரிங்கா இருக்கும். ஆனா தப்பை மறைக்கவே முடியாத டிசைன் அது. கலக்கினது சரியில்லன்னா உடனே காட்டிக் கொடுத்துடும்.

பூவோட கதை வேற. 18-ஆம் நூற்றாண்டுல அயாசோஃபியாவுல பிரசங்கம் பண்ணிட்டிருந்த ஹதீப் மெஹ்மெத் எஃபெந்தி, சொட்டுக்குள்ள சொட்டு விட்டு ஊசியால இழுத்து உருவம் கொண்டுவந்தார். இன்னைக்கும் அந்த வகைக்கு அவர் பேர்தான். 1773-ல வீட்டுல பிடிச்ச தீயில இறந்துட்டார். நாம ரீல்ஸ்ல பார்க்கிற மாதிரி துலிப், கார்னேஷன்னு அடையாளம் தெரியற பூக்களைக் கொண்டுவந்தவர் 20-ஆம் நூற்றாண்டுல வாழ்ந்த நெஜ்மெத்தின் ஓக்யாய். மனுஷன் கையெழுத்துக் கலைஞர், வில்வித்தைக்காரர், ரோஜா வளர்க்கிறவர். அவர் கத்துக்கிட்டது உஸ்குதார்ல இருந்த உஸ்பெக் சூஃபி மடத்துல, எதெம் எஃபெந்திகிட்ட. ஓக்யாய்கிட்ட கத்துக்கிட்டவர் அவரோட சொந்தக்காரர் முஸ்தஃபா தூஸ்குன்மன். உஸ்குதார்ல மூலிகை, மளிகைச் சாமான் கடை வெச்சிருந்தவர், 1990-ல இறந்தார்.

எதெம், ஓக்யாய், தூஸ்குன்மன். சங்கிலி எவ்வளவு மெல்லிசுன்னு பாருங்க. அச்சு பேப்பர் மலிவா வந்ததும், புத்தக அட்டைக்கு எப்ரு வாங்க ஆள் குறைஞ்சுபோச்சு. ஒரு காலத்துல இஸ்தான்புல்ல இது தெரிஞ்சவங்களைக் கைவிரல் விட்டு எண்ணிடலாம். இன்னைக்கு இவ்வளவு பேர் செய்றாங்கன்னா அதுல பெரும்பங்கு இந்தச் சங்கிலிக்குப் போகும்.

இப்போ ஆன்லைன்ல கிட் கிடைக்குது. சுற்றுலா போனா ரெண்டு மணி நேர ஒர்க்‌ஷாப் இருக்கு. எனக்கு அதுல கோபம் எதுவும் இல்ல, ஜாலியாத்தான் இருக்கும். ஆனா ஒண்ணு கவனிங்க. கித்ரேவை வேற ஒருத்தர் கரைச்சுட்டார். பித்தநீரை வேற ஒருத்தர் அளந்துட்டார். நமக்கு மிச்சம் இருக்கறது கடைசி ரெண்டு இழுப்பு. எல்லாரும் இப்படியே கத்துக்கிட்டா, துலிப் போடத் தெரிஞ்ச ஆயிரம் பேர் இருப்பாங்க, தட்டைத் தயார் பண்ணத் தெரிஞ்சவங்க பழையபடி விரல்ல எண்ற அளவுக்கு வந்துடுவாங்க.

வீட்டுல முயற்சி பண்ணிப் பார்க்கணும்னு இருக்கிறவங்களுக்கு: கேரஜீனன் பவுடர் வாங்கிக் கரைச்சு ஒரு ராத்திரி விடுங்க, நுரை அடங்கட்டும். ரெண்டே ரெண்டு கலர் போதும். பழைய செய்தித்தாளை நீளமா கிழிச்சு, ஒவ்வொரு தடவையும் மேல்மட்டத்தை இழுத்துத் துடைச்சுடுங்க. தூசி விழுந்த இடமெல்லாம் ஓட்டை ஓட்டையா தெரியும், அதுக்குத்தான். பேப்பரை ஒரு மூலையில இருந்து மெதுவா படுக்க வைங்க, அடியில காத்து மாட்டினா அந்த இடம் வெள்ளையா நின்னுடும். எடுக்கும்போது தட்டோட விளிம்புல உரசி இழுங்க, கூடுதல் கூழ் அங்கேயே வழிஞ்சிடும். ஊசியை மட்டும் முதல் ஒரு மாசம் எங்கயாவது ஒளிச்சு வைங்க. உங்க பத்தாலை எங்களுக்கு போட்டோ எடுத்து அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசலாம்.