லங்ஸ்ல வந்துட்டா அவ்வளவுதானா? நுரையீரலில் பரவிய கட்டியைச் சுட்டு அழிப்பது பற்றி

வழக்கமா இங்க கோடு, வேலை, சம்பளம்னு பேசுவோம். இன்னைக்கு ஒரு மருத்துவ விஷயம். நான் டாக்டர் இல்ல, சாஃப்ட்வேர் இன்ஜினியர். அதனால இதைக் கேட்டு யாரும் முடிவு எடுக்காதீங்க. டாக்டர்கிட்ட கேட்க வேண்டிய கேள்விகளை மட்டும் எடுத்துட்டுப் போங்க.

எங்க அம்மா ஊரு தொப்பூர். அங்க இருக்கிற என் பெரியம்மாவுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆச்சு. இந்த வருஷம் எடுத்த சி.டி. ஸ்கேன்ல வலது நுரையீரல்ல ரெண்டு சின்னப் புள்ளி. பெருசு 1.6 சென்டிமீட்டர். குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல ஒரு மாமா, "லங்ஸ்ல வந்துட்டா அவ்வளவுதான்"னு போட்டார். ஒரு அண்ணன், "இப்பல்லாம் ஊசியிலயே சுட்டு எடுத்துடறாங்களாம்"னு போட்டார். பெரியம்மா எனக்கே போன் பண்ணாங்க: "ஏண்டா கண்ணு, சுட்டுட்டா திரும்ப வராதில்ல?" அந்தக் கேள்விக்கு நேர்மையா பதில் சொல்லணும்னுதான் படிக்க ஆரம்பிச்சேன்.

முதல் விஷயம். குடல்ல இருந்து நுரையீரலுக்குப் பரவினது நுரையீரல் புற்றுநோய் கிடையாது. அங்க வளர்றது குடல் புற்றுநோய் செல்தான். ரத்தத்துல பயணம் பண்ணி அங்க போய் உட்கார்ந்திருக்கு. அதனால மருந்தும் குடல் புற்றுநோய்க்கான மருந்துதான்.

பரவிடுச்சுன்னா உடம்பு முழுக்க மருந்து கொடுக்கறதுதான் பல காலமா வழி. 1995-ல ஹெல்மன், வைக்செல்பாம்னு ரெண்டு அமெரிக்க டாக்டர்கள் ஒரு கருத்தை முன்வைச்சாங்க. சிலருக்கு ரெண்டு மூணு இடத்துல மட்டும் பரவி நிற்கும். அந்தக் கட்டத்துக்கு ஒலிகோ மெட்டாஸ்டாசிஸ்னு பேர் வச்சாங்க. அந்த ரெண்டு மூணையும் தனித்தனியா அழிச்சா பலன் இருக்கலாம்னு சொன்னாங்க. அதுக்கு இன்னைக்கு மூணு வழி இருக்கு: அறுவை சிகிச்சை, குறிவச்சுக் கொடுக்கற கதிர்வீச்சு, அப்புறம் இந்த வெப்பம்.

வெப்பம் எப்படி வேலை செய்யுது? சி.டி. ஸ்கேன் பார்த்துக்கிட்டே, விலா எலும்புகளுக்கு நடுவுல ஒரு மெல்லிய ஊசியைக் கட்டிக்குள்ள நுழைக்கறாங்க. ரேடியோ ஃப்ரீக்வன்சி அப்லேஷன்னா, ஊசி வழியா வினாடிக்கு நாலஞ்சு லட்சம் தடவை திசை மாறும் மின்சாரம் போகும். அதோட சேர்ந்து திசுவுல இருக்கிற அயனிகள் முன்னும் பின்னும் ஆடும், அந்த உராய்வுல சூடு வரும். மைக்ரோவேவ் அப்லேஷன்ல ஊசியே ஒரு ஆன்டெனா. அதுல பல மெஷின்கள் 2.45 கிகாஹெர்ட்ஸ்ல ஓடுது. வீட்டு மைக்ரோவேவ் அடுப்பும் அதேதான், உங்க வைஃபை ரூட்டரும் அதுக்குப் பக்கத்து வீடுதான். திசு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினா செல்லோட புரதம் உடனே உறைஞ்சிடும். முட்டை வேகற மாதிரி. வெந்த முட்டை திரும்பப் பச்சை முட்டை ஆகாது.

நுரையீரல்ல ஒரு சாதகம் இருக்கு. கட்டியைச் சுத்தி காத்து நிரம்பின திசு. காத்து வெப்பத்தை லேசுல கடத்தாது, அதனால சூடு கட்டிக்குள்ளயே தங்கும். பாதகமும் உண்டு. பக்கத்துல 3 மில்லிமீட்டருக்கு மேல பெரிய ரத்தக்குழாய் இருந்தா, ஓடற ரத்தம் சூட்டை எடுத்துட்டுப் போயிடும். லாரி ரேடியேட்டர்ல தண்ணி சுத்தி இன்ஜினைக் குளிர வைக்குது இல்லையா, அதே வேலை. அந்தப் பக்கம் சரியா வேகாம செல் தப்பிச்சா, அங்கிருந்தே திரும்ப வளரும். அதனாலதான் கட்டி எவ்வளவு பெருசுங்கறதோட எங்க இருக்குங்கறதும் முக்கியம். பொதுவா 3 சென்டிமீட்டருக்குள்ள இருந்தா நல்லது.

இப்ப எண்கள். மனுஷ நுரையீரல்ல இதைச் செஞ்ச முதல் அறிக்கை 2000-ல டேமியன் டுபுய் குழுவோடது. 2008-ல வந்த ரேப்ச்சர் ஆய்வுல 106 பேர், 183 கட்டிகள், எல்லாம் 3.5 சென்டிமீட்டருக்குள்ள. மதிப்பிட முடிஞ்ச 85 பேர்ல 75 பேருக்கு, சுட்ட கட்டி ஒரு வருஷமாவது அடங்கியே இருந்தது. 2015-ல பிரான்ஸ்ல இருந்து 566 பேரோட கணக்கு வந்தது. அஞ்சு வருஷம் கழிச்சு பாதிக்குக் கொஞ்சம் மேலானவங்க உயிரோட இருந்தாங்க.

கேட்க நல்லா இருக்கு. ஆனா டேட்டா பார்க்கற எவனுக்கும் அடுத்த கேள்வி வரணும்: யாரைத் தேர்ந்தெடுத்தாங்க? சின்னக் கட்டி, குறைஞ்ச எண்ணிக்கை, மெதுவா வளர்ற நோய். இவங்க சுடாம இருந்தாலும் மத்தவங்களைவிடக் கொஞ்சம் நல்லாத்தான் இருந்திருப்பாங்க. குடல்ல இருந்து நுரையீரலுக்குப் பரவின கட்டியை அறுத்து எடுக்கறதால ஆயுள் கூடுதான்னு குலுக்கல் முறையில சோதிச்ச ஒரே பெரிய முயற்சி பிரிட்டன்ல தொடங்கின புல்மிக். ஆள் சேராம பாதியில நின்னுபோச்சு. அறுத்தவங்க, அறுக்காதவங்க நடுவுல எதிர்பார்த்த பெரிய வித்தியாசம் தெரியல. அதனால "சுட்டா குணம்"னு யாராவது உறுதி கொடுத்தா சந்தேகப்படுங்க.

பெரியம்மா இதையே அவங்க டாக்டர்கிட்டயும் கேட்டாங்க. அவர் பதில் எனக்குப் பிடிச்சது: "சுட்ட இடத்துல வராம இருக்க நல்ல வாய்ப்பு இருக்கும்மா. வேற இடத்துல வரலாம். வந்தா மறுபடியும் சுடலாம், நுரையீரல் பெருசா குறையாது." பெரியம்மா கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, "கீமோவுக்கு நடுவுல கொஞ்சம் மூச்சு விடலாம்னா அதுவே போதும்"னாங்க. அறுவைக்கு அவங்க இதயம் தாங்காது. எல்லாம் தெரிஞ்சுதான் தேதி வாங்கியிருக்காங்க.

ஆபத்து என்ன? ஊசி நுரையீரலைத் துளைக்கறதால, நெஞ்சுக்கூட்டுக்குள்ள காத்து கசிஞ்சு நுரையீரல் சுருங்கலாம். நியூமோதோராக்ஸ்னு சொல்றாங்க. ரேப்ச்சர்ல மட்டும் 27 தடவை அந்தக் காத்தை வெளியேத்த வேண்டி வந்தது. பெரும்பாலும் ஆஸ்பத்திரியிலயே கவனிச்சுடுவாங்க. சில சமயம் வீட்டுக்குப் போன பிறகும் வரும். இங்கதான் தொப்பூர் மாதிரி ஊர்க்காரங்க யோசிக்கணும். பெரிய ஆஸ்பத்திரின்னா ஒரு பக்கம் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி, இன்னொரு பக்கம் சேலம் மோகன் குமாரமங்கலம். நடுவுல கணவாய் ரோடும் வரும். பிரேக் பிடிக்காத லாரி ஒண்ணு கவிழ்ந்தா ரோடு மணிக்கணக்குல நிக்கும். அதனால சிகிச்சை முடிஞ்சு நாலஞ்சு நாள் ஆஸ்பத்திரி பக்கத்துலயே ரூம் எடுத்துத் தங்கறதுன்னு நாங்க முடிவு பண்ணியிருக்கோம். திடீர்னு மூச்சு வாங்கினா, நெஞ்சு வலிச்சா, காலையில பார்த்துக்கலாம்னு விடக்கூடாது.

இன்னொரு விஷயம். சுட்ட பிறகு எடுக்கற முதல் ஸ்கேன்ல அந்த இடம் முன்னைவிடப் பெருசா தெரியும். கட்டியைச் சுத்தி கொஞ்சம் நல்ல திசுவையும் சேர்த்துத்தான் சுடுவாங்க, அதான் காரணம். பழைய படம் இல்லாம வேற சென்டர்ல ஸ்கேன் எடுத்தா, ரிப்போர்ட்ல "வளர்ந்திருக்கு"ன்னு வரலாம், வீடே கலங்கிடும். எல்லா ஸ்கேன் சி.டி.யையும் ஒரே பையில வச்சுக்கோங்க.

நம்ம ஊர்ல அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி 1954-ல இருந்து இயங்குது. அதைத் தொடங்கின முத்துலட்சுமி ரெட்டியோட தங்கை இறந்தது மலக்குடல் புற்றுநோயில. அன்னைக்கு இருந்த கையறு நிலை இன்னைக்கு இல்ல. வேலூர் சி.எம்.சி. மாதிரி பெரிய இடங்கள்ல இன்டர்வென்ஷனல் ரேடியாலஜின்னு தனித் துறையே இருக்கு. நீங்க போற இடத்துல அந்தத் துறை இருக்கான்னு கேளுங்க.

கடைசியா, குறிச்சு வச்சுக்க வேண்டிய கேள்விகள். மொத்தம் எத்தனை கட்டி, பெருசு எவ்வளவு? நுரையீரல் தவிர வேற எங்கயாவது இருக்கா? பக்கத்துல பெரிய ரத்தக்குழாய் இருக்கா? அறுவை, கதிர்வீச்சு, வெப்பம் மூணையும் சேர்த்து வச்சு டாக்டர்கள் கூடிப் பேசினாங்களா? நுரையீரல் கட்டிக்கு இங்க எத்தனை தடவை செஞ்சிருக்கீங்க? காப்பீட்டுல வருமா? கொஞ்ச நாள் சுடாம கவனிச்சா என்ன ஆகும்? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கத் தயங்காதீங்க. நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார்.

யாருக்காவது பயன்படும்னா இந்த எபிசோடை அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.