நான்கு தொட்டித் தண்ணீர்

(பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



ஜப்பான் என்றதும் உங்களுக்குக் காரும் ரயிலும்தான் ஞாபகம் வரும். நான் பேச வந்தது தண்ணீரைப் பற்றி. மூன்று வருடம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில், 2018-ஆம் ஆண்டு டிசம்பர் விடுமுறையில் அந்த நாட்டுக்குப் போய் வந்தேன். கூட வந்த ஆசிரியைகள் பட்டணத்தில் கடை கடையாக ஏறி இறங்க, நான் மட்டும் இரண்டு நாள் பிரிந்து, குஜோ ஹச்சிமான் என்ற மலையூருக்குப் போனேன். நகோயா நகரிலிருந்து பேருந்தில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். "அங்க என்ன இருக்கு?" என்று கேட்டார்கள். "தண்ணி இருக்கு," என்றேன். சிரித்தார்கள்.

அந்த ஊர்த் தெருக்களில் வீட்டு வாசலை ஒட்டி வாய்க்கால் ஓடுகிறது. நாம் லோங்காங் என்கிறோமே, அந்த அகலம்தான். ஆனால் அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணிவிடலாம். ஒரு சந்தில் அந்த வாய்க்காலுக்குள்ளேயே கொழுத்த கெண்டை மீன்கள் நீந்துகின்றன. வீட்டு இறவாணத்தில் வாளிகள் தொங்குகின்றன. அழகுக்கு என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாம் நெருக்கி நெருக்கிக் கட்டிய மர வீடுகள். 1919-ஆம் ஆண்டு தீப்பிடித்து ஊரில் ஒரு பெரும் பகுதியே எரிந்து போயிற்று. நெருப்பு என்றால் வாளியை எடுத்து வாய்க்காலில் மொள்ள வேண்டியதுதான்.

இந்த ஊரின் பெயர் பெற்ற ஊற்றுக்கு சோகிசுய் என்று பெயர். 15-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சோகி என்னும் நாடோடிப் புலவர், ஊர்த் தலைவரிடம் பழம்பாடல்களைப் பாடம் கேட்க வந்து, இந்த ஊற்றுக்குப் பக்கத்தில் தங்கியிருந்தாராம். படிக்க வந்தவர் பெயரை ஊற்றுக்கு வைத்திருக்கிறார்கள், பாருங்கள்! 1985-ஆம் ஆண்டு ஜப்பானிய அரசாங்கம் நாட்டின் சிறந்த நீர்நிலைகள் என்று 100 இடங்களைப் பொறுக்கியபோது இதுவும் அதில் சேர்ந்தது. பார்த்தால் பெரிய இடமே அல்ல. சின்ன மரக்கூரை, அதன் கீழே கல் தொட்டி, படியிறங்கினால் ஆறு.

அங்கேதான் நான் ஒரு தவறு செய்தேன். சோற்று உருண்டை தின்ற கை பிசுபிசுவென்று இருந்தது. நேரே ஊற்றில் கையை விடப் போனேன். முள்ளங்கியோடு வந்த ஒரு பாட்டி, பதறிப்போய் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஏசவில்லை. கையைப் பிடித்தபடியே கீழே கூட்டிக்கொண்டு போய், கடைசித் தொட்டியைக் காட்டினார். பிறகு விடுதிக்காரர் எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் விளக்கினார். மேலே ஊறும் இடம் குடிக்க. அடுத்த தொட்டி அரிசி களைய. அதற்கடுத்தது காய்கறி கழுவ. கடைசித் தொட்டி வாளி, மரத்தொட்டிகளை ஊறப்போட. அப்புறம்தான் தண்ணீர் ஆற்றுக்குப் போகிறது. வீடுகளிலும் மிஸுபுனே என்று படிப்படியான தொட்டிகள் உண்டு. பாத்திரத்தில் ஒட்டிய சோற்றுப் பருக்கை வழிந்து கெண்டைக் குளத்தில் விழும், மீன் தின்றுவிடும். அக்கம்பக்கத்தார் முறை வைத்துக் கழுவிவிடுகிறார்கள்.

ஐந்தாம் ஆண்டு மாணவர்களே, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்பீர்கள். மலைக்காட்டில் பெய்யும் மழையும் பனியும் மண்ணுக்குள் இறங்கி, பாறை இடுக்கில் மெல்ல நகர்ந்து, தாழ்ந்த இடத்தில் வெளியே வருகிறது. நிலத்துக்கடியில் கோடையும் குளிரும் அவ்வளவாக எட்டாது. அதனால்தான் விரல் விறைக்கும் டிசம்பரிலும் ஊற்றுத் தண்ணீர் என் கைக்கு வெதுவெதுப்பாக இருந்தது.

ஊருக்குத் திரும்பியதும் இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். என் அம்மா இருபது வருடம் தோட்டத்தில் மருந்தடித்தவர். வேலை முடிந்ததும் பம்பை ஆற்றில்தான் கழுவுவார். அதற்குக் கீழே, வளைவில், லயத்துப் பிள்ளைகள் நாங்கள் குளிப்போம். தம்பிக்கு உடம்பெல்லாம் தடித்துத் தடித்து வந்த காலம் ஒன்று உண்டு. மருந்தினால்தான் என்று யாரும் சொன்னதில்லை. நானும் அடித்துச் சொல்ல மாட்டேன். அம்மா மட்டும் அதை மறக்கவில்லை. நான் பேசி முடித்ததும் சற்று நேரம் சும்மா இருந்தார். பிறகு கேட்டார்:

"அங்க ஒன்னொன்னுக்கும் ஒரு தொட்டி இருக்கு. எங்களுக்குக் கழுவ வேற எடம் எங்கடி இருந்துச்சு?"

எனக்குப் பதில் வரவில்லை. பாட்டி என் கையைப் பிடித்தது பெரிதல்ல. காட்டுவதற்கு அவரிடம் ஒரு தொட்டி இருந்தது.

பெற்றோர்களே, இங்கேயும் பம்பு கழுவுவது ஆற்றங்கரையில்தான். நம் பிள்ளைகள் பள்ளி விட்டதும் குதிப்பதும் அதே ஆற்றில்தான். ஆற்றைவிட்டுத் தள்ளி, தண்ணீர் வழிந்து ஆற்றில் சேராதபடி, பம்பு கழுவ ஓர் இடம் கட்டித்தரச் சொல்லி நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். இதோ மேசைமேல் இருக்கிறது. அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறார். முதல் கையெழுத்து அவருடையது. தேநீர் குடித்துவிட்டு வந்து பாருங்கள். படிக்க முடியாதவர்களுக்கு நான் வாசித்துக் காட்டுகிறேன்.