மாத்திரையும் சிறுமூளையும்



எழுத்தொலியின் நீளத்தை அளக்கத் தொல்காப்பியர் புறக்கருவி எதனையும் நாடவில்லை. இயல்பாகக் கண் இமைக்கும் பொழுதையும் கை நொடிக்கும் பொழுதையுமே மாத்திரைக்கு அளவாகக் கூறினார். உடலுக்குள் ஒரு காலக்கணக்கு ஓடுகின்றது என்பது இலக்கணம் கற்றோர்க்குப் புதிய செய்தி அன்று. அக்கணக்கை வைத்திருப்பது எவ்வுறுப்பு என்பதே பிற்கால அறிவியல் எழுப்பிய வினா. அவ்வினாவிற்கு விடை தேடியவர்களும் கண்ணிமையையே பற்றிக்கொண்டனர் என்பது இன்பமான ஒற்றுமை.

பிடரியின் உட்புறம், பெருமூளைக்குக் கீழே அமைந்திருப்பது சிறுமூளை. பருமனில் அது மூளையின் பத்தில் ஒரு பங்கே. ஆனால் 2009இல் வெளிவந்த கணக்கீட்டின்படி, மூளையிலுள்ள ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்களுள் 6,900 கோடி இச்சிறுமூளையிலேயே உள்ளன. உடல் தள்ளாடாமல் காக்கும் ஏவலாள் என்றே நெடுங்காலம் அது கருதப்பட்டது. ஏவலாளுக்கு இத்துணைப் பெரிய படை எதற்கு?

அமெரிக்க அறிஞர் ரிச்சர்டு தாம்சனும் அவருடன் பணிபுரிந்தோரும் முயல்களைக் கொண்டு இதனை ஆராய்ந்தனர். ஓர் ஒலி கேட்கும். கால் வினாடி கழித்து முயலின் கண்மீது மெல்லிய காற்று ஊதப்படும். முதலில், காற்றுப் பட்ட பின்னரே முயல் இமைக்கும். பலமுறை நிகழ்ந்தபின், ஒலி கேட்ட அளவிலேயே இமை மூடத் தொடங்கி, காற்று வரும் கணத்தில் சரியாக மூடியிருக்கும். சிறுமூளையின் உள்ளே ஒரு சிறு பகுதி சிதைந்தால் இப்பயிற்சி முற்றும் அழிந்துவிடும் என்று 1984இல் அவர்கள் காட்டினர். காற்றுப் பட்டால் இமைக்கும் இயல்போ அழியவில்லை. 1993இல் மைக்கேல் மாக் குழுவினர் மேலும் ஒன்று கண்டனர். சிறுமூளையின் மேலுறை மட்டும் சிதைந்த முயல் இமைக்க மறப்பதில்லை. காலம் தவறி, மிக முன்னதாகவே இமைத்துவிடுகின்றது. என்ன வரும் என்பது அதற்குத் தெரியும். எப்பொழுது வரும் என்பதுதான் தெரியாமற் போயிற்று.

வருவதை முன்னுணர்தல் புலனுணர்வையும் மாற்றிவிடும். தன்னைத் தானே கிச்சுக்கிச்சு மூட்டிக்கொள்ள எவராலும் இயல்வதில்லை. தன் கை தரப்போகும் தொடுகையை மூளை முன்னரே கணித்து அதன் கூர்மையைத் தணித்துவிடுகின்றது. அக்கணிப்பில் சிறுமூளைக்குப் பங்குண்டு என 1998இல் இலண்டனில் சாரா பிளேக்மோர் முதலியோர் எழுதினர். பின்னர் அவர்கள் கையசைவிற்கும் தொடுகைக்கும் இடையே ஓர் இயந்திரத்தை வைத்து, தொடுகையைச் சற்றே தாமதப்படுத்தினர். வினாடியில் பத்தில் ஒரு பங்கு, இரு பங்கு, மூன்று பங்கு எனத் தாமதம் கூடக்கூடக் கூச்சமும் கூடிற்று. சொந்தக் கையே அயலார் கை போல் ஆயிற்று.

இனிச் சொல்லுக்கு வருவோம். சிறுமூளை நலிந்தவர்களிடம் காணப்படும் ஒருவகைப் பேச்சிற்கு மருத்துவர்கள் இட்ட பெயர் யாப்பிலிருந்து கடன் பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிசு மருத்துவர் சார்க்கோ, அசை அசையாக நிறுத்தி, செய்யுளை அலகிடுவது போல் ஒலிக்கும் பேச்சினை விவரித்தார். 'அலகிட்ட பேச்சு' என்றே அப்பெயரைத் தமிழாக்கலாம். அலகிடுதல் புலவர்க்குப் பயிற்சி. நோயாளிக்கோ அது தளை. அசைகள் ஒரே நீளத்தை நோக்கிச் சாய்கின்றன. குறிலும் நெடிலும் தம் எல்லையை இழக்கத் தலைப்படுகின்றன.

பேசுவதில் மட்டுமன்று, கேட்பதிலும் இக்குறை தோன்றும். செருமன் மொழியில் 'போடன்' என்றால் நிலம். 'போட்டன்' என்றால் தூதர்கள். இடைநிற்கும் மெய்யில் மூச்சு அடைபட்டு நிற்கும் நேரம் அவ்விரு சொற்களையும் பிரித்துக் காட்டும் குறிகளுள் ஒன்று. தூபிங்கன் நகரில் அக்கர்மன் குழுவினர் 1997இல் வெளியிட்ட ஆய்வில், சிறுமூளை முழுதும் நலிந்தவர்கள், இந்நேர வேறுபாடு ஒன்றே குறியாக இருந்தபொழுது அச்சொற்களைப் பிரித்தறியவில்லை. வேறு ஒலிக்குறியும் உடன் இருந்தபொழுது பிரித்தறிந்தனர். தமிழர்க்கு இதனை விளக்க நெடுந்தொலைவு செல்ல வேண்டா. இலை, இல்லை என்னும் இரண்டிற்கும் இடையே நிற்பது ஒரு மெய்யின் அரை மாத்திரையே. மரத்தில் இருப்பதை இல்லாததாக்க அவ்வளவு காலம் போதும்!

இவற்றையெல்லாம் கேட்டுச் சந்தத்தின் பிறப்பிடம் சிறுமூளையே என்று முடிவு கட்டிவிடுதல் ஆகாது. அவ்வாறு எழுதுவோர் உளர். 2018இல் பெர்க்கிலியில் அசாஃப் பிரெஸ்காவும் ரிச்சர்டு ஐவ்ரியும் வெளியிட்ட ஆய்வு அதனை மறுக்கின்றது. சிறுமூளை நலிந்தவர்கள், சீராகத் திரும்பத் திரும்ப வரும் தாளத்தைக் கொண்டு அடுத்து வருவதை முன்னுணர்ந்தனர். தனித்த ஓர் இடைவெளியைக் கொண்டு முன்னுணர இயலவில்லை. பார்க்கின்சன் நோயாளரிடம் இது தலைகீழாக இருந்தது. அந்நோயில் நலிவது பெருமூளையின் அடியிலுள்ள நரம்புத் திரள். ஆகவே திரும்பி வரும் தாளத்திற்கு ஓரிடம், ஒற்றை இடைவெளிக்கு வேறோரிடம் என உடல் இரண்டு கணக்குகளை வைத்திருக்கின்றது. எழுத்திற்கு மாத்திரை, அடிக்குச் சந்தம் எனப் பிரித்துப் பேசும் தமிழ்ப் புலவர்க்கு இது எளிதில் விளங்கும்.

மரபா, புதிதா என்று அரங்குதோறும் நடக்கும் வழக்கிலும் இதனை ஒரு சான்றாக வைக்கலாம். ஆய்வுக்கூடத்துச் செய்தியைக் கவிதையின்மேல் அப்படியே ஏற்றுவது பொருந்தாதுதான். எனினும் யாப்பைத் துறந்த கவிஞர் துறந்தது தாளக் கணக்கை மட்டுமே. வரியை எங்கே முறிப்பது, முறித்த இடத்தில் எத்துணை நேரம் வாளா இருப்பது என்னும் ஒற்றை இடைவெளிக் கணக்கை அவர் துறக்கவில்லை. துறந்திருந்தால் அது உரைநடையாய் முடிந்திருக்கும். வெண்பாப் பாடுவோர்க்குத் தளை அடுத்த சீரை முன்னறிவித்துவிடுகின்றது. புதுக்கவிஞர்க்கு அத்துணை இல்லை. அவ்வகையில் அவர் பணி கடினமானது என்றே கொள்ளத் தகும்.

கவியரங்கில் ஒரு வரியை இருமுறை படிக்கும் வழக்கம் உண்டு. முதன்முறை அவையோர் வரியைக் கேட்கின்றனர். இரண்டாம் முறை, கடைச்சொல்லுக்கு முன்னுள்ள நிறுத்தம் எவ்வளவு என்பதை அறிந்தே காத்திருக்கின்றனர். கைதேர்ந்த கவிஞர் அவ்விடத்தில் ஒரு கண்ணிமைப் பொழுது கூடுதலாக நிறுத்துவார். அவையோருள் இரண்டொருவர் அதற்குள் அச்சொல்லை வாய்க்குள் சொல்லிவிட்டிருப்பர்.