கொல்லத்துக் காயலில் ஒரு நாள்
(சங்க ஆண்டு விழாவில் படிக்கப்பட்ட உரை)

 

புகைவண்டி இலாகாவில் குமாஸ்தாவாக இருக்கும் எனக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. ஆகையால் எழுதி வந்திருப்பதைப் படிக்கிறேன்.

கரமனைக்கு விருந்தினர் வந்தால் பத்மநாபசுவாமி கோயில், மிருகக்காட்சிசாலை, கோவளம் ஆகியவற்றைக் காட்டிவிட்டுக் கடமை தீர்ந்ததென்று எண்ணுகிறோம். சென்ற டிசம்பர் விடுமுறையில் தென்காசியிலிருந்து என் தமக்கையாரும் அத்தானும் வந்தபொழுது நான் அவர்களைக் கொல்லத்துக்கு அழைத்துச் சென்றேன். அதன் காரணத்தை மறைப்பதற்கில்லை. தென்காசியில் பூட்டிக்கிடக்கும் எங்கள் தந்தையார் வீட்டை விற்றுவிடலாம் என்று கடிதம் எழுதியிருந்தேன். அக்காள் பதில் எழுதாமல் நேரிலேயே வந்துவிட்டார். வீட்டிலிருந்தால் அந்தப் பேச்சு எழும் என்ற அச்சமே என்னைக் காயற்கரைக்குத் துரத்தியது.

காலையில் தங்கசேரிக் கலங்கரை விளக்கத்தைப் பார்த்தோம். 1902ஆம் ஆண்டில் கட்டியது. 'கொல்லம் கண்டவனுக்கு இல்லம் வேண்டா' என்ற மலையாளப் பழமொழியை விளையாட்டாகச் சொன்னேன்.

"உனக்குக் கொல்லம்கூட வேண்டியிருக்கவில்லையே, கரமனையே போதுமாயிற்று" என்றார் அக்காள். அத்தான் கடலைப் பார்த்துக்கொண்டார்.

பிறகு மன்றோத் தீவுக்குப் பாசஞ்சர் வண்டியில் புறப்பட்டோம். வழியில் பெருமண் பாலம். 1988ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் தேதி ஐலண்டு எக்ஸ்பிரஸின் பெட்டிகள் இங்கேதான் அஷ்டமுடிக் காயலில் வீழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். எங்கள் இலாகாக்காரன் அதைச் சும்மா கடப்பதில்லை. கைகூப்பினேன்.

மன்றோ என்றதும் சென்னையில் குதிரைமீது வீற்றிருப்பவரோ என்று அத்தான் கேட்டார். அவர் தாமஸ் மன்றோ. இவர் திருவிதாங்கூரில் ரெசிடெண்டாகவும் திவானாகவும் இருந்த ஜான் மன்றோ. கல்லடையாறு கொணர்ந்த வண்டல் படிந்து உருவான தீவு இது. செங்கோட்டைப் பாதையில் இவர்கள் வண்டி மலையிறங்கி வந்தபொழுது கூடவே வந்த அதே ஆறுதான்!

ஒரு வள்ளத்தை அமர்த்திக்கொண்டோம். வள்ளக்காரர் அறுபது வயதிருக்கும், மூங்கிற்கழியை ஊன்றித் தள்ளினார். குறுகிய வாய்க்கால்கள்; இருபுறமும் தென்னை; கயிறு திரிப்பதற்காக நீரில் ஊறும் தேங்காய் மட்டைகள்; தாழ்ந்த பாலங்கள் வரும்போதெல்லாம் தலையைக் குனிந்து எங்களுக்குச் சிரிப்பு. கடிகாரம் பார்த்தே பிழைக்கும் நான் அன்று மணி பார்க்க மறந்தேன்.

ஒரு திருப்பத்தில் அவர் வள்ளத்தை நிறுத்தினார். நீருக்குள் பாதி மூழ்கிய கற்படிகளும் இடிந்த சுவரும் தெரிந்தன. அவர் பிறந்த வீடாம் அது. தென்மலையில் அணை எழுந்தபின் வண்டல் வரத்துக் குறைந்துவிட்டது. 2004ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பின்னர்க் கடலின் ஓதம் ஏறி வீடுகளுக்குள் புகுகிறது என்றார். மும்முறை தரையை உயர்த்திப் பார்த்து, முடியாமல் மேட்டுப்பக்கம் குடிபெயர்ந்தார்களாம்.

"இப்பொழுது எதற்கு இங்கே வருகிறீர்கள்?" என்று அக்காள் வினவினார். நான் மலையாளத்தில் கேட்டுச் சொன்னேன்.

"இரவில் வள்ளத்தைக் கட்ட வேறு படி ஏது?" என்றார் அவர்.

அக்காள் குனிந்து நீரில் கைவைத்தபடியே வந்தார். அத்தான் கட்டிக்கொண்டு வந்த புளியோதரையைப் பிரித்தார். வள்ளக்காரருக்கும் ஓர் இலையில் வைத்தோம். கொல்லத்துக்குத் திரும்பும் வரையில் வீட்டைப்பற்றி ஒருவரும் வாய்திறக்கவில்லை.

கொல்லம் நிலையத்தில் திருவனந்தபுரம் வண்டிக்குக் காத்திருக்கையில் நானே கேட்டேன்: "ஓடு மாற்ற எவ்வளவு ஆகும், அக்கா?"

"முதலில் உத்தரத்தைப் பார்க்கவேண்டும், கரையான் பிடித்திருக்கிறது" என்றார் அவர். வண்டி வரும்வரை அத்தான் சிகரெட்டு அட்டையின் பின்புறத்தில் கணக்குப் போட்டார். பொங்கலுக்கு நான்கு நாள் விடுப்பெழுதித் தென்காசிக்குச் சென்றேன்.