12 டென்ஸையும் மனப்பாடம் பண்ண வேண்டாம்

இன்னைக்கு எபிசோட்ல இங்கிலீஷ் டென்ஸ் பத்திப் பேசப் போறோம். ஸ்கூல்ல நோட்டுல கட்டம் போட்டு எழுதினது ஞாபகம் இருக்கா? காலம் மூணு, ஒவ்வொண்ணுலயும் நாலு வகை, மொத்தம் 12. அந்தக் கட்டம் பரீட்சைக்கு உதவுச்சு. ஆனா காலையில டீம் மீட்டிங்ல "அந்த வேலை என்ன ஆச்சு?"ன்னு கேட்டா, எந்தக் கட்டம்னு யோசிச்சுப் பேச நேரம் இருக்காது. அதனால கட்டத்தை ஓரமா வைங்க. மூணே மூணு விதி போதும்.

முதல் விதி: காலத்தைக் காட்டுற வேலை முதல்ல வர்ற வினைச்சொல்லுக்கு மட்டும்தான். "ஐ ரோட்"னா எழுதினேன். எழுதலைன்னு சொல்ல "ஐ டிட் நாட் ரைட்". இங்க "டிட்" வந்ததுமே இறந்தகாலம் சொல்லியாச்சு. அதனாலதான் "டிட் நாட் ரோட்" தப்பு. ஒரே விஷயத்தை ரெண்டு தடவை சொல்ற மாதிரி ஆயிடும். எதிர்காலத்துக்கு "வில்" முன்னாடி வந்தாலும் அதே கதைதான், அடுத்த சொல் மாறாம அப்படியே நிக்கும்.

ரெண்டாவது விதி: "ஹேவ்", "ஹாஸ்", "ஹாட்" வந்தா அடுத்த வினை மூணாவது ஃபார்ம்ல வரணும். ரைட், ரோட், ரிட்டன்ல கடைசியா இருக்கே, அது. "ஐ ஹேவ் ரிட்டன்".

மூணாவது விதி: "ஆம், இஸ், ஆர், வாஸ், வேர்" எல்லாமே "பீ"ங்கிற ஒரே வினையோட வடிவங்கள். இது வந்தா அடுத்த வினையில "இங்" ஒட்டும். "ஐ ஆம் ரைட்டிங்". செயப்பாட்டு வினைக்கு மட்டும் கணக்கு வேற, அதை இன்னொரு நாள் பாப்போம்.

இப்போ பெரிய வாக்கியம் ஒண்ணு எடுப்போம். "ஐ வில் ஹேவ் பீன் ரைட்டிங்". பயமா இருக்கா? இடமிருந்து வலமா வாங்க. "வில்" எதிர்காலத்தைச் சொல்லிடுச்சு, அதனால "ஹேவ்" அப்படியே நிக்குது. "ஹேவ்" இருக்கறதால "பீ", "பீன்" ஆயிடுச்சு. "பீன்" இருக்கறதால "ரைட்", "ரைட்டிங்" ஆயிடுச்சு. ஒவ்வொரு சொல்லும் தனக்கு அடுத்த சொல்லை மட்டும்தான் மாத்துது. கோடு எழுதுறவங்களுக்கு இது உடனே பிடிபடும்: ஒரு ஃபங்ஷனோட அவுட்புட் அடுத்ததுக்கு இன்புட்டா போற மாதிரி.

வடிவம் இவ்வளவுதான். ஆனா எப்போ எதைப் போடறது? அங்கதான் நம்ம ஆளுங்க தடுமாறுவாங்க, முக்கியமா "ஹேவ்" விஷயத்துல. "ஹேவ்" வந்தா, நடந்தது இப்போ வரைக்கும் தொடருது, இல்லைன்னா அதோட பலன் இப்போ கையில இருக்குன்னு அர்த்தம். தமிழ்லயும் இந்த வித்தியாசம் இருக்கு. "மெயில் எழுதினேன்" வேற, "மெயில் எழுதியிருக்கேன், பாருங்க" வேற. ஆனா ரெண்டு இடத்துல தமிழ் நம்மளை மாட்டிவிடும்.

ஒண்ணு, "நேத்தே எழுதியிருக்கேன்"னு தமிழ்ல தாராளமா சொல்லலாம். இங்கிலீஷ்ல "எஸ்டர்டே" மாதிரி முடிஞ்சுபோன நேரத்தைச் சொல்லிட்டா "ஹேவ்" வராது. "ஐ ரோட் இட் எஸ்டர்டே", அவ்வளவுதான்.

ரெண்டு, "மூணு வருஷமா இங்க வேலை பாக்கறேன்". தமிழ்ல இது நிகழ்காலம். அதை அப்படியே மாத்தி "ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்"னு சொல்லிடறோம். சரியானது "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்". எவ்வளவு நாளா-ன்னா "ஃபார்", எப்போலேர்ந்து-ன்னா "சின்ஸ்". இதையே "ஐ வொர்க்டு ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்"னு இன்டர்வியூல சொன்னா, கேக்கறவர் நீங்க வேலையை விட்டுட்டீங்கன்னு நினைப்பார்.

இதெல்லாம் வெறும் கிராமர்தானேன்னு தோணலாம். எனக்குத் தெரிஞ்ச ஒரு டீம்ல, சர்வர் படுத்துக் கிடக்கும்போதே ஒருத்தர் வெளிநாட்டு மேனேஜருக்கு "த சர்வர் வாஸ் டவுன் ஃபார் டூ அவர்ஸ்"னு மெசேஜ் போட்டார். இன்னும் எழலைன்னு சொல்றதுதான் அவர் நோக்கம். படிச்சவருக்கு ரெண்டு மணி நேரம் படுத்துச்சு, இப்போ எழுந்துடுச்சுன்னு அர்த்தமாச்சு. நிம்மதியா தூங்கப் போயிட்டார். "ஹாஸ் பீன் டவுன்"னு இருந்திருந்தா உக்காந்திருப்பார்! அந்த வாக்கியத்துல ஸ்பெல்லிங் தப்பு இல்ல, கிராமர் தப்பும் இல்ல. அதனால யாரும் திருத்தவும் மாட்டாங்க. அதுதான் ஆபத்து.

இந்த வாரம் ஒரு சின்ன வேலை பண்ணுங்க. ஆபீஸ் சாட்ல நீங்க கடைசியா அனுப்பின அஞ்சு மெசேஜை எடுத்துப் பாருங்க. ஒவ்வொண்ணுலயும் ஒரே கேள்வி: இது முடிஞ்சுபோச்சா, இல்ல இப்போ வரைக்கும் தொடருதா? தொடருதுன்னா "ஹேவ்" இருக்கான்னு தேடுங்க. இல்லாத மெசேஜை நீங்களே சத்தமா மாத்திச் சொல்லிப் பழகுங்க.