கீற்று முடைந்த கை



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவு யார் பெயரில் அமைந்திருக்கிறதோ, அவர் எங்களுக்குப் புள்ளியியல் நடத்திய பேராசிரியர். எந்த அட்டவணையைக் கொண்டுபோய் நீட்டினாலும் முதலில் எண்ணைப் பார்க்க மாட்டார். “யாருப்பா போய்க் கேட்டது? எங்க உக்காந்து கேட்டே?” என்பார். அந்த இரண்டு கேள்விகளைத்தான் இன்று கொஞ்சம் நீட்டிப் பேசப்போகிறேன். தரவு திரட்டும் முறைகளை வகை பிரித்துச் சொல்லப் பாடநூல்கள் இருக்கின்றன. அந்த வேலையில் நான் கைவைக்கவில்லை.

1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளாதாரப் பேராசிரியராக வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். ஒரு வினாநிரலைத் தயாரித்து மாணவர்களிடம் கொடுத்து, விடுமுறையில் அவரவர் ஊரில் விசாரித்து வரச் சொன்னார். இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி, கங்கைகொண்டான், வடமலைபுரம் எல்லாம் அப்படித்தான் 1918இல் புத்தகம் ஏறின. பிறகு பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களை மறுபடி ஆராய்ந்து 1940இல் வெளியிட்டார்கள். இருவேல்பட்டை 2008 வரை ஆய்வாளர்கள் விடவில்லை. ஒரே ஊரைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்த இப்படியொரு தரவு கிடைப்பது அபூர்வம். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் 1916இல் கல்லூரி வரை போன பிள்ளை பெரும்பாலும் எந்தத் தெருப் பிள்ளையாக இருந்திருப்பான் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பண்ணையாளின் கூலியை அவன் பண்ணையாளிடமே கேட்டானா, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப்பிள்ளையிடம் கேட்டானா? யாரிடம் கேட்டிருந்தாலும் அட்டவணையில் வந்து உட்காருவது ஓர் எண்தான். எண்ணுக்கு முகம் கிடையாது.

நானும் அப்படி ஒரு திண்ணையில் உட்கார்ந்தவன்தான். 1984, கீழ்வேளூர்ப் பக்கம் ஒரு குத்தகைக்காரர் வீடு. அவர் வயலுக்குப் போயிருந்தார். அவர் மனைவி வாசலில் கீற்று முடைந்துகொண்டிருந்தார். நிலம் எவ்வளவு என்றேன். “மூணு மா.” என் படிவம் ஹெக்டேரில் கேட்டது. மாவுக்கு எத்தனை கலம் கண்டுமுதல் என்றால் உடனே பதில் வந்தது. படிவத்துக்கு வேண்டியதோ குவிண்டால். மூன்று மா ஏறக்குறைய ஓர் ஏக்கர், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் மரக்கால் ஊருக்கு ஊர் மாறும். வாசலிலேயே மனக்கணக்குப் போட்டு எழுதினேன். அதற்குப் பேராசிரியரிடம் வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது: “அந்தம்மா சொன்னதை அந்தம்மா சொன்ன அளவுலயே எழுது. பெருக்கலை ரூமுக்கு வந்து வச்சுக்க.”

வயதைக் கேட்டேன். “அம்பது இருக்கும், போட்டுக்க தம்பி.” நம் ஊரில் வயது பூஜ்யத்திலும் ஐந்திலும் போய்க் குவிவது மக்கள்தொகை ஆய்வாளர்களுக்குப் பழகிய தலைவலி. எவ்வளவு குவிகிறது என்று அளக்க விப்பிள் குறியீடு என்றே ஒன்று உண்டு: குவியலே இல்லையென்றால் 100, எல்லோரும் பூஜ்யத்திலும் ஐந்திலுமே சொன்னால் 500. நாகைக் கரையில் இதற்கு மருந்து புயல். 1952 புயலா, 1977 புயலா என்று கேட்டால் ஆள் பேச ஆரம்பித்துவிடுவார். “மொதப் புயலப்பத்தான் நான் வயசுக்கு வந்து குச்சுல இருந்தேன், கூரை பறந்துபோச்சு” என்றார். நாற்பத்தாறு என்று எழுதினேன்.

புயல் ஞாபகமிருக்கும், போன வாரம் வாங்கிய எண்ணெய் ஞாபகமிருக்குமா? 1950இல் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு மல்லாடிய கேள்வி இது. ஏழு நாள் கணக்கைக் கேட்டால் உணவுச் செலவு கூடுதலாக வரும், முப்பது நாள் கேட்டால் குறையும். புள்ளியியலாளர் மகலனோபிஸ் காலத்துச் சோதனையில் தானியத்தை நிறுத்துப் பார்த்து முப்பது நாளே மேல் என்று வைத்துக்கொண்டார்கள். 1999-2000இல், 55வது சுற்றில், உணவுக்கு இரண்டையும் பக்கத்துப் பக்கத்துப் பத்தியில் கேட்டார்கள். ஒன்றைச் சொன்ன வாய் மற்றதை அதற்கு ஒத்துப்போகத்தானே சொல்லும்? 1993-94இல் 36 விழுக்காடாக இருந்த வறுமை 26 ஆக இறங்கியது. அதில் எவ்வளவு சோறு, எவ்வளவு படிவம் என்று பொருளாதார அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் அடித்துக்கொண்டார்கள். கோடிக்கணக்கான ஏழைகள் ஒரு பத்தியின் அகலத்துக்குள் இருந்தார்கள்.

கீழ்வேளூர் அம்மாவிடம் கடைசிக் கேள்வி: “நீங்க ஏதாவது வேலை பாக்குறீங்களா?”

“நானா? வீட்ல சும்மாதான் இருக்கேன்.” கை நிற்கவில்லை. பக்கத்தில் முடைந்த கீற்று இடுப்புயரம் இருந்தது.

கட்டத்தில் ‘வேலை இல்லை’ என்று போட மனம் வரவில்லை. ஓரத்தில் ‘கீற்று முடைகிறார்’ என்று பென்சிலால் எழுதினேன். கணிப்பொறிக்குப் பதிவு செய்யும் இடத்திலிருந்து தாள் திரும்பி வந்தது: கட்டத்துக்கு வெளியே எழுதியதற்கு எண் கிடையாதாம். பேராசிரியரிடம் எடுத்துப்போனேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஓரக் குறிப்பைப் படித்தார்.

“நூறு கீற்றுக்கு என்ன தர்றாங்க?”

நான் கேட்டிருக்கவில்லை. அன்று ராத்திரியே வண்டி ஏறினேன்.