அயல்நாட்டு ஆகாரமும் நம் அடுக்களையும்

(சங்க உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உங்களுக்குப் பிடித்த வெளிநாட்டு உணவு பற்றி இருபது நிமிஷம் பேசுங்கள்" என்று காரியதரிசி டெலிபோனில் கேட்டபோது, பக்கத்தில் இருந்த என் சம்சாரம் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். காரணம் உண்டு. முப்பத்தெட்டு வருஷ மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் கல்கத்தா, நாகபுரி, டில்லி என்று எங்கே மாற்றல் ஆனாலும் ரசம், தயிர் சாதம், மாவடு ஆகிய மூன்றையும் தாண்டாதவன் நான். டில்லியில் ஆபீஸ் நண்பர்கள் சோளே பட்டூரே வாங்கிவந்து வட்டமாக உட்கார்ந்து சாப்பிடும்போது, நான் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டு தனியாக உட்காருவேன். அப்படிப்பட்டவன் இன்று எத்தியோப்பியா தேசத்துச் சாப்பாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

2016-ல் நாங்கள் இருவரும் எங்கள் பெண்ணைப் பார்க்க அமெரிக்கா போயிருந்தோம். அவள் வாஷிங்டனை ஒட்டிய வர்ஜீனியாவில் இருக்கிறாள். எத்தியோப்பியாவில் 1974-ல் மன்னராட்சி கவிழ்ந்த பிறகு அங்கிருந்து வெளியேறியவர்கள் நிறையப் பேர் வாஷிங்டன் பக்கம் குடியேறினார்கள். அதனால் அந்த ஊரில் எத்தியோப்பிய ஓட்டல்கள் ஏராளம். "அப்பா, அங்கே சைவ சாப்பாடு நன்றாகக் கிடைக்கும்" என்று பெண் எங்களை ஒரு ஓட்டலுக்கு அழைத்துப் போனாள்.

பெரிய வட்டத் தட்டு ஒன்று வந்தது. அதை அடைத்துக்கொண்டு பெரிய தோசை மாதிரி ஒன்று. அதன் மேல் குவியல் குவியலாகப் பருப்பு, கீரை, முட்டைக்கோஸ். தட்டு ஒன்றுதான். எல்லோரும் அதிலிருந்தே கையால் பிய்த்துச் சாப்பிட வேண்டும். எனக்கு எச்சில் என்ற எண்ணம்தான் முதலில் வந்தது. "எனக்குப் பசி இல்லை" என்று தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டேன்.

அப்போது என் பேத்திக்கு எட்டு வயது. அந்த ஊர்க்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிரியமானவர்களுக்கு ஒரு கவளம் எடுத்துத் தம் கையாலேயே ஊட்டுவார்கள். அதற்குக் குர்ஷா என்று பெயர். குழந்தை அதை எப்படியோ தெரிந்துகொண்டு, ஒரு கவளத்தை எடுத்து, "தாத்தா, குர்ஷா!" என்று என் வாய்க்கு நேரே நீட்டினாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீட்டிய கை அப்படியே கீழே இறங்கிற்று. உடனே என் சம்சாரம், "எனக்குக் குடுடி கண்ணா" என்று வாயைத் திறந்தாள்.

மென்றுகொண்டே அவள் சொன்னாள்: "ஏன்னா, ஆப்பமும் கேழ்வரகு தோசையும் கல்யாணம் பண்ணிண்ட மாதிரி இருக்கு!" பிறகு இன்னொன்றும் சொன்னாள். "நாப்பது வருஷமா உங்க நாக்குக்குத்தான் சமைச்சிண்டிருக்கேன். எனக்கும் ஒரு நாக்கு இருக்குன்னு இன்னிக்குத்தான் ஞாபகம் வந்தது." விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் எனக்கு அது உறைத்தது.

ஊர் திரும்பியதும், ரசாயனம் படித்தவன் என்ற முறையில், நான் ஒதுக்கிய அந்தப் பதார்த்தம் என்னவென்று படித்துப் பார்த்தேன். அதன் பெயர் இஞ்ஜெரா. தெஃப் என்ற தானியத்தின் மாவில் செய்வது. கேழ்வரகைவிடப் பொடியான தானியம். மாவைக் கரைத்து இரண்டு மூன்று நாள் புளிக்க வைப்பார்கள். நாம் பழைய மாவு ஒரு கரண்டி சேர்ப்பதுபோல, அவர்கள் முந்தின மாவின் மேல் தெளிந்து நிற்கும் நீரைச் சேர்ப்பார்கள். பெரிய கல்லில் ஊற்றி, மூடி போட்டு, திருப்பிப் போடாமல் ஒரு பக்கமே வேக வைப்பார்கள். மேலே ஆப்பம் மாதிரி கண் கண்ணாக இருக்கும்.

கூட வந்தவை? மிசிர் வோத் என்பது மசூர் பருப்புக் குழம்பு. கிக் அலிச்சா என்பது மஞ்சள் போட்ட பட்டாணிப் பருப்பு, ஏறக்குறைய நம் கூட்டு. கொமென் என்பது கீரை. அவர்களுடைய காரப்பொடியில் வற்றல் மிளகாயோடு வெந்தயமும் உண்டு. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளி இரண்டு நாளும், ஈஸ்டருக்கு முன் 55 நாளும் மாமிசம், முட்டை, பால், நெய் எதுவும் தொடமாட்டார்கள். அந்த விரதச் சமையல்தான் ஓட்டல்களில் சைவத் தட்டாக வருகிறது. ஏகாதசி, பிரதோஷம் என்று நாள் பார்த்துச் சாப்பிடும் நமக்கு இதில் அந்நியம் என்று சொல்ல என்ன இருக்கிறது?

புளிப்புக்கு வருவோம். இட்லி மாவைப் பொங்க வைக்கும் முக்கியமான பாக்டீரியாவின் பெயர் லூக்கோனோஸ்டாக் மெசென்டெராய்டிஸ். கொரியாக்காரர்களின் கிம்ச்சி ஊறுகாயிலும், ஜெர்மானியர்களின் புளித்த முட்டைக்கோஸிலும் அதே பாக்டீரியாதான் வேலை செய்கிறது. அதற்குப் பாஸ்போர்ட்டும் இல்லை, கோத்திரமும் இல்லை.

இனி நம் அடுக்களைக்குள் போய்ப் பார்ப்போம். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, வேர்க்கடலை, பாயசத்தில் போடும் முந்திரி, இத்தனையும் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தவை. வாஸ்கோ ட காமா 1498-ல் கோழிக்கோட்டில் இறங்கிய பிறகு போர்ச்சுகீசியர் தொடர்பால் இவற்றில் பலவும் நமக்கு வந்து சேர்ந்தன. அதற்கு முன் நம்மிடம் காரம் என்றால் மிளகுதான். மிளகு போலக் காரமான காய் என்பதால்தான் மிளகாய் என்று பெயர். பெருங்காயம் ஈரானிலும் ஆப்கானிஸ்தானத்திலும் விளைவது. இந்திய விஞ்ஞானிகள் லாஹௌல் பள்ளத்தாக்கில் பெருங்காயச் செடியை நட்டுப் பார்த்ததே 2020 அக்டோபரில்தான். கேழ்வரகு சில ஆயிரம் வருஷங்களுக்கு முன்னால் எத்தியோப்பியா, உகாண்டா பக்கத்து மேட்டு நிலங்களிலிருந்து வந்தது. காலையில் எழுந்ததும் டிகிரி காப்பி இல்லாவிட்டால் நமக்குத் தலைவலி வருகிறதே, அந்தக் காப்பிச் செடியின் பிறந்தகம் எத்தியோப்பியக் காடுகள். ஆக, அந்த நாட்டு ஆகாரத்தை நான் வேண்டாம் என்று தள்ளியது, தினமும் இரண்டு வேளை அதே நாட்டுச் சரக்கைக் குடித்துவிட்டு!

நம் பழைய சமையல் எப்படி இருந்தது என்பதற்குப் பழைய கோப்பு ஒன்று நம் வீட்டிலேயே இருக்கிறது. சிராத்தச் சமையலைச் சொல்கிறேன். வீட்டுக்கு வீடு வழக்கம் மாறும் என்றாலும், பொதுவாக மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, கோஸ், காரட் எதுவும் கிடையாது. மிளகு, சீரகம், பயத்தம்பருப்பு, பாகற்காய், புடலங்காய், வாழைக்காய், சேப்பங்கிழங்கு, பிரண்டைத் துவையல். வருஷத்தில் அந்த நாள்களில் பித்ருக்கள் அறிந்த சமையல். மற்ற நாள்களில் உலகம் முழுதும் கலந்த சமையல். நம் பாட்டிமார்கள் இரண்டையும் குழப்பாமல் நடத்தினார்கள். புதிய காயை அவர்கள் வெறுக்கவில்லை. அதற்கு ஓர் இடம் கொடுத்தார்கள், பழையதற்கு அதன் இடத்தைக் காப்பாற்றினார்கள். நாமும் அதைத்தான் செய்ய வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

நம் குழந்தைகள் பீட்ஸாவுக்கும் தாய்லாந்துக் குழம்புக்கும் ஏங்குவதற்கு விஞ்ஞான காரணமும் உண்டு. ஜப்பானிய ரசாயனப் பேராசிரியர் கிகுனே இகேடா 1908-ல் கடற்பாசியிலிருந்து குளுட்டமேட்டைப் பிரித்து, அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். பழுத்த தக்காளியிலும் நாள்பட்ட சீஸிலும் அது நிறைய இருக்கிறது. தக்காளி ரசத்துக்கு நாம் ஏங்குவதும், பீட்ஸாவுக்குப் பேரன் ஏங்குவதும் ஓரளவு ஒரே ஏக்கம்தான். மிளகாயின் காரமோ ஒரு சுவையே அல்ல. சூட்டை உணரும் நரம்பு வாயிலைத் திறந்துவிடும் ஒரு சாவி அது. அந்த வாயிலைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இதையெல்லாம் சொல்வதால் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாம் என்று அர்த்தம் இல்லை. டில்லியில் ஒரு நண்பரின் பிரிவு உபசார விருந்தில், காய்கறி மட்டும்தான் என்று சொல்லிப் பரிமாறிய தாய்லாந்துக் குழம்பைப் பாதி சாப்பிட்ட பிறகு, அதில் மீன் சாறு உண்டு என்று தெரிந்தது. நான் பட்ட அவஸ்தை நீங்கள் படவேண்டாம். தாய்லாந்துச் சமையலில் மீன் சாறும் இறால் விழுதும், ஜப்பானிய மிசோ சூப்பில் மீன் வடிநீரும், கிம்ச்சியில் மீன் சாறும் சாதாரணம். அசல் பார்மேசான் சீஸைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறை சேர்த்துத்தான் செய்கிறார்கள். ஜெலட்டின் மிட்டாய்களும் அசைவமே. எத்தியோப்பியச் சமையலில் வெங்காயம், பூண்டு உண்டு. விலக்குகிறவர்கள் கவனிக்கவும். எந்த ஊர் ஓட்டலானாலும் "சைவமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். குழம்பின் வடிநீர் எது, கொழுப்பு எது, சீஸில் சேர்த்த உறை எது என்று மூன்று கேள்வி கேளுங்கள். ஆசாரத்தைக் காப்பாற்ற இது போதும். மேஜையைவிட்டு எழுந்து போக வேண்டிய அவசியம் இல்லை.

2023-ல் மறுபடி போனோம். நானே பெண்ணிடம், "அந்த எத்தியோப்பியா ஓட்டலுக்குப் போகலாமா?" என்று கேட்டேன். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. தனித் தட்டுகள் கேட்டோம், தாராளமாகக் கொடுத்தார்கள். ஏழு வருஷம் முன்பே இதைக் கேட்டிருக்கலாம்! சாப்பிட்டேன். புளிப்பு என் நாக்குக்குப் பழக இரண்டு கவளம் ஆயிற்று. மூன்றாவதில் பாட்டி வார்த்துப் போட்ட கேழ்வரகு தோசை ஞாபகத்துக்கு வந்தது.

பேத்திக்கு அப்போது பதினைந்து வயது. போனைப் பார்த்துக்கொண்டு தன் தட்டில் சாப்பிட்டாள். யாருக்கும் ஊட்டவில்லை. அந்த வயதில் ஊட்டமாட்டார்கள்தானே. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வெட்கத்தை விட்டு, "எனக்கு ஒரு குர்ஷா பாக்கி இருக்கே?" என்றேன். நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கும் ஞாபகம் இருந்தது. "இருங்கோ தாத்தா, கையை அலம்பிண்டு வரேன்" என்று எழுந்து போனாள்.

சிறு வயதில் எங்கள் பாட்டி, முற்றத்தில் குழந்தைகளை வட்டமாக உட்கார வைத்து, குழம்பு சாதம் பிசைந்து ஒவ்வொருவர் கையிலும் உருட்டிப் போடுவாள். அன்று எங்களில் யாரும் எச்சில் கணக்குப் பார்க்கவில்லை. அந்த வழக்கத்துக்கு நாம் பெயர் வைக்கவில்லை, அவர்கள் வைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்கே இருக்கும் என் வயதுக்காரர்களுக்கு இரண்டு விண்ணப்பம். பிள்ளை, பெண் வீட்டுக்குப் போகும்போது புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் கட்டாயம் கொண்டுபோங்கள். ஆனால் ஒரு வேளையாவது அவர்கள் விரும்பும் சாப்பாட்டை அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். இரண்டாவது, இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் சம்சாரத்திடம், "உனக்கு என்ன சாப்பிட ஆசை?" என்று கேட்டுப்பாருங்கள். எனக்கு அதைக் கேட்க நாற்பது வருஷம் ஆயிற்று.